அழுகையை மறைத்துக்கொண்டுதான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 23. ஒரு வருட வாலிபர் சீஷத்துவப் பயிற்சியில் இருக்கிறேன். எல்லாரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கிறோம். காலையில் வேதபாடம், மத்தியானம் ஊழியம், இரவில் 'ஸ்தோத்திர வேளை'. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் அன்றைக்கு நன்றி சொல்ல மூன்று காரியங்களைச் சொல்ல வேண்டும். பயிற்சியில் சேர்வதற்கு ஏழு மாதம் முன்பு என் அம்மா இறந்துவிட்டார். முதல் சில வாரம் உண்மையாகவே சொன்னேன். இப்போது மூன்றையும் மத்தியானமே யோசித்து வைத்துக்கொள்கிறேன். சில நாள் நடக்காததையும் சொல்லியிருக்கிறேன். போன வாரம், "எனக்கு இன்று எதுவும் சொல்ல வரவில்லை" என்றேன். குழுத் தலைவி அக்கா தனியாக அழைத்து, "நன்றியில்லாத இருதயம்தான் உன் வளர்ச்சியைத் தடுக்கிறது. அம்மாவை எடுத்ததற்காகவும் நீ ஸ்தோத்திரம் சொல்கிற நாளில்தான் உனக்கு விடுதலை" என்றார். என்னால் முடியவில்லை. மற்றவர்கள் சாட்சி சொல்லச் சொல்ல வளர்ந்துகொண்டே போகிறார்கள். நான் மட்டும் வந்த இடத்திலேயே நிற்கிறேன். பொய்யாக ஸ்தோத்திரம் சொல்வது பாவமா? பயிற்சியை விட்டுப் போய்விடலாமா?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கைக்கு,

நேராகப் பதிலுக்கு வந்துவிடுகிறேன். அம்மாவின் மரணத்துக்காக நீங்கள் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் விடுதலைக்கு அப்படி ஒரு நிபந்தனையை வேதம் வைக்கவும் இல்லை. மரணத்தை வேதம் சத்துரு என்றுதான் அழைக்கிறது. பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். சத்துரு வீட்டுக்குள் வந்து போனதற்கு நன்றி சொல் என்று எந்தத் தகப்பனும் தன் பிள்ளையிடம் கேட்கமாட்டார்.

யோவான் 11ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். 35ஆம் வசனத்தில் இயேசு கண்ணீர் விடுகிறார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர் அவர். அது தெரிந்திருந்தும் அழுகிறார். ஆறு வசனம் தள்ளி, 41இல், கல்லறை வாசலில் நின்று கண்களை ஏறெடுத்துப் பிதாவை ஸ்தோத்திரிக்கிறார். எதற்காக என்று கவனித்துப் பாருங்கள். பிதா தமக்குச் செவிகொடுத்ததற்காக. லாசரு செத்ததற்காக ஒரு வார்த்தைகூட இல்லை. கண்ணீரும் ஸ்தோத்திரமும் ஒருவரிடமிருந்தே, சற்று நேரத்துக்குள், ஒன்றை ஒன்று விரட்டாமல் வருகின்றன. ஆண்டவருக்கே அப்படி இருந்ததென்றால், உங்கள் அழுகை முடிந்த பிறகுதான் ஸ்தோத்திரம் ஆரம்பிக்க வேண்டும் என்று யார் சட்டம் வைக்க முடியும்?

அம்மாவின் அடக்க ஆராதனையில் யாராவது யோபுவின் வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." அருமையான வார்த்தைதான். ஆனால் அது முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன் பிறகு அதிகாரம் அதிகாரமாக முறையிடுகிறார், தேவனோடு வழக்காடுகிறார். பக்கத்தில் இருந்த நண்பர்களோ கேட்பதற்குச் சரியாக இருக்கிற உபதேசங்களையே அடுக்குகிறார்கள். கடைசியில், 42ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில், தேவன் அந்த நண்பர்கள்மேல்தான் கோபப்படுகிறார். தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசினது யோபு என்கிறார். துக்கத்தில் இருப்பவரிடம் பேசப் போகிற எவரும் கதவைத் தட்டுவதற்கு முன் இந்த வசனத்தை வாசித்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் எண்ணம். அந்த நண்பர்கள் செய்த மிக நல்ல காரியம், வாயைத் திறப்பதற்கு முன்பு ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான்.

உங்கள் குழுத் தலைவியைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவரும் சிறு வயதுக்காரராகத்தான் இருப்பார். தனக்குக் கைகொடுத்த ஒன்றை உங்களுக்கும் கொடுக்கப் பார்த்திருப்பார். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனம் அவர் மனதில் இருந்திருக்கும். அது 1 தெசலோனிக்கேயர் 5:18. அதே அதிகாரத்தில் நான்கு வசனம் முன்னே, "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள்" என்று அதே பவுல் அதே சபைக்குச் சொல்கிறார். அந்தச் சபையும் தங்களில் சிலரைச் சாவில் இழந்து தவித்துக்கொண்டிருந்த சபை. 14ஐச் செய்யாமல் 18ஐ மட்டும் ஒருவர் தோளில் ஏற்றினால் அது பாரமாகிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நடக்காததை நடந்ததாகச் சொன்னது பொய்தான். அதைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. ஆண்டவரிடம் ஒருமுறை சொல்லி, மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு, அதோடு விட்டுவிடுங்கள். அதையே நினைத்து நினைத்து உங்களைத் தண்டித்துக்கொள்ள வேண்டாம். அதே நேரத்தில், உள்ளே எந்த உணர்ச்சியும் எழும்பாமல் "இந்தச் சாப்பாட்டுக்காக நன்றி ஆண்டவரே" என்று சொல்வதைப் பொய் என்று கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சாப்பாடு உண்மை. கொடுத்தவர் உண்மை. மனம் வறண்டிருப்பதும் உண்மை. மூன்றும் சேர்ந்து அவர் முன் வரலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு வரி. இரவில் சொல்ல வேண்டியதை மத்தியானமே யோசித்து வைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்காக? ஆண்டவருக்கு ஒத்திகை தேவையில்லை. வட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் அந்த மூன்றும் தயாராகின்றன. எத்தனையோ வாலிபப் பிள்ளைகள் ஆலோசனைக்கு வந்து இதையேதான் வேறு வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்: தேவனைப் பார்த்துப் பேச வேண்டிய வாய் ஆட்களைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டது. மற்றவர்கள் வளர்கிறார்கள், நான் நிற்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றுவதும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வட்டத்தில் அவர்கள் சொன்னதுதானே? அவர்களில் எத்தனை பேர் மத்தியானமே யோசித்து வைக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லூக்கா 18இல் ஆலயத்துக்குப் போன பரிசேயனும் ஸ்தோத்திரத்தில்தான் ஆரம்பிக்கிறான். பக்கத்தில் இருப்பவனோடு தன்னை ஒப்பிட்டுச் சொன்ன அந்த ஸ்தோத்திரம் அவனை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. நீங்களும் ஒப்பிடுகிறீர்கள், ஆனால் உங்களைத் தாழ்த்தி. திசை வேறே தவிர, பார்வை அதே பக்கவாட்டுப் பார்வைதான்.

உளவியல் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நன்றியுணர்வு மனதுக்கு நல்லது என்று பயிற்சிகளில் அடிக்கடி சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் உண்டு. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்றில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரத்துக்கு ஒருமுறை, பத்து வாரம், நன்றிக்குரிய ஐந்து காரியங்கள்வரை எழுதினார்கள். எரிச்சலூட்டிய காரியங்களை எழுதிய பிரிவினரைவிட அவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்ல விதமாக உணர்ந்தார்கள். ஆனால் வாரம் ஒருமுறை என்பதையும், எழுதினார்கள் என்பதையும் கவனியுங்கள். எழுதியதைக் குழுவின் முன் வாசித்து அதனால் எடைபோடப்படவில்லை. சோன்யா லுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் ஆறு வாரம் நடத்திய ஒரு சோதனையில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் கிடைத்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அடிக்கடி செய்யும்போது அது வெறும் வேலையாகிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஒவ்வொரு இரவும் மூன்று என்று கணக்கு வைத்தால் சில வாரத்தில் உள்ளே ஒன்றும் எஞ்சாமல் போவது உங்கள் ஒருவருடைய குறை இல்லை.

துக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கரெட் ஸ்ட்ரூபே, ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த ஒரு விளக்கம் ஆலோசகர்களிடையே இன்றும் பெரிதும் பயன்பாட்டில் இருக்கிறது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய் வருகிறார். ஒரு நேரம் இழப்பின் பக்கம், இன்னொரு நேரம் வாழ வேண்டிய வாழ்க்கையின் பக்கம். அப்படிப் போய் வருவதே ஆரோக்கியம் என்பது அவர்கள் கருத்து. மத்தியானம் ஊழியத்தில் சிரித்துவிட்டு இரவில் தலையணை நனைய அழுதால் அது மாய்மாலம் ஆகாது. ஒரு பக்கத்தை மட்டும் காட்டு என்று நெருக்கும்போதுதான் அது நோகிறது.

சரி, இன்றிரவு வட்டத்தில் உட்காரும்போது என்ன செய்வது?

மூன்று வேண்டாம். ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்று உண்மையாகவும் குறிப்பாகவும் இருக்கட்டும். "நல்ல நண்பர்களுக்காக நன்றி" என்பது யாருக்கும் எந்த நாளுக்கும் பொருந்தும் வார்த்தை. உங்களைத் தொடாமலேயே வெளியே போய்விடும். "மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைத் தங்கை எதுவும் கேட்காமல் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அம்மா நினைவு வந்தது. அவளுக்காக நன்றி" — இதில் ஒரு ஆள் இருக்கிறாள், ஒரு செயல் இருக்கிறது, உங்கள் துக்கமும் இருக்கிறது. எதையும் ஒளிக்கவில்லை. அப்படி ஒன்றுகூட அகப்படாத நாளில், "இன்று எனக்குப் பாரமாக இருக்கிறது, நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

தனி ஜெபத்தில் முறையிடப் பழகுங்கள். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வாலிபர் கூடுகைகளில் துதிக்கக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு முறையிடக் கற்றுக்கொடுப்பதில்லை. 13ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். கடைசி வசனத்தில் பாடுவேன் என்கிறார். அந்த ஆறு வசனத்தை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் சொந்த வார்த்தையைப் போடுங்கள். "எதுவரைக்கும்" என்ற இடத்தில் மருத்துவமனை, அந்தக் கடைசி வாரம், அம்மாவிடம் சொல்லாமல் விட்டது எல்லாம் வரட்டும். ஐந்தாம், ஆறாம் வசனத்துக்குக் கீழே எழுத ஒன்றும் வரவில்லையென்றால் காலியாக விடுங்கள். 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருளிலேயே முடிகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார். இரவெல்லாம் அவரைக் கூப்பிடுகிற ஒருவன் அவரை விட்டுப் போகவில்லை என்பதற்கு அந்தச் சங்கீதமே சாட்சி.

முறையிடப் பழகின பிறகு நன்றி வேறு விதமாகத் திரும்பி வருவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அம்மாவை எடுத்ததற்காக என்று வராது. அம்மா இருந்ததற்காக என்று வரும். உங்கள் தலையை எப்படி வாரிவிட்டார், எந்தப் பாட்டை முணுமுணுத்தார், உங்களை எப்படிச் செல்லமாகக் கூப்பிட்டார் என்று ஒவ்வொன்றாக வரும், அழுகையோடேயே வரும். அதை அவசரப்படுத்தாதீர்கள், தள்ளியும் விடாதீர்கள்.

இன்னொன்றும் செய்யலாம். அம்மாவின் கடைசி நாட்களில் கூட இருந்து உதவிய யாருக்காவது, ஒரு செவிலியரோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ, அவர் செய்ததைக் குறிப்பாகச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். முடிந்தால் நேரில் வாசித்துக் காட்டுங்கள். மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் செய்தவர்களின் மனநிறைவு ஒரு மாதம்வரை நன்றாக உயர்ந்திருந்தது. பிறகு அது தணிந்தும் போனது. ஆகையால் இதை மருந்தாக நினைக்க வேண்டாம். நன்றிக்குரியவருக்கு அது போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

வளர்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கலாத்தியர் 5இல் ஆவியின் கனி என்று பவுல் ஒன்பதைச் சொல்கிறார். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இவற்றில் ஒன்றுகூட வட்டத்தில் உட்கார்ந்து மூன்று சொல்வதில் அளக்கப்படுவதில்லை. உங்கள் குழுவில் வேறு யாராவது அழுதால் யாரைத் தேடி வருகிறார்கள்? போன வருடம் உங்களுக்கு எரிச்சல் மூட்டிய ஒருவரிடம் இன்று எப்படிப் பேசுகிறீர்கள்? யாரும் பார்க்காத வேலையை எப்படிச் செய்கிறீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லாமல் உங்களோடு தங்கியிருக்கும் ஒரு நம்பிக்கையான தோழியிடம் கேளுங்கள். இத்தனை வருத்தத்திலும் "பொய் சொல்வது பாவமா" என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுகிற மனசாட்சி நின்ற இடத்தில் நிற்கிற மனசாட்சி என்று எனக்குத் தோன்றவில்லை.

தலைவி அக்காவிடம் நீங்களே பேச வேண்டும். ஜெபக் கூட்டம் முடிந்த களைப்பில் வேண்டாம். பகலில், நேரம் கேட்டுப் பேசுங்கள். "அக்கா, நீங்கள் என்மேல் உள்ள அக்கறையில் சொன்னீர்கள் என்று தெரியும். ஆனால் அம்மா இறந்ததற்காக நன்றி சொல் என்றது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நான் தேவனிடம் அழுது பேச ஆரம்பித்திருக்கிறேன். கொஞ்ச காலம் இரவில் ஒன்று மட்டும் சொல்லவோ, சும்மா இருக்கவோ எனக்கு அனுமதி வேண்டும்." இவ்வளவு போதும். வாதாட வேண்டாம். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பயிற்சிக்குப் பொறுப்பான போதகரிடமோ மூத்த சகோதரி ஒருவரிடமோ போங்கள். அது முறுமுறுப்பு ஆகாது.

இதை வாசிக்கிற குழுத் தலைவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்தோத்திர வேளையை நிறுத்த வேண்டியதில்லை. அதை வாரம் ஒருமுறை வைத்துக்கொண்டு, சும்மா இருக்கவும் இடம் கொடுங்கள். வேறொரு இரவை முறையீட்டுச் சங்கீதங்களுக்குக் கொடுங்கள். ஒரு பிள்ளை சேரும்போதே, சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்திருக்கிறாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நன்றி குறைந்துபோன ஒரு முகத்தைப் பார்த்தால் கண்டிப்பதற்கு முன், "என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள்.

விட்டுப் போகலாமா என்ற கேள்விக்கு, 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கத்தோலிக்கக் குரு லொயோலா இஞ்ஞாசியார் தந்த ஒரு விதியை நான் இன்றும் பின்பற்றுகிறேன்: ஆத்துமா வறண்டு கலங்கியிருக்கும் நாட்களில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. அவருடைய இரவு ஆராய்ச்சி ஜெபமும் நன்றியில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் அது நன்றியோடு நின்றுவிடாமல், அன்றைய நாளை உள்ளபடியே தேவன் முன் விரித்துப் பார்க்கிறது. ஆகவே இன்றே பெட்டியைக் கட்ட வேண்டாம். அக்காவிடம் பேசுங்கள், முறையிட ஆரம்பியுங்கள், ஒரு மாதம் கொடுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் துக்கத்தைப் பாவம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால், உங்களைக் குழுவின் முன் வெட்கப்படுத்தினால், அல்லது வீட்டாரோடும் வெளியில் உள்ளவர்களோடும் பேசக் கூடாது என்று தடுத்தால், வெளியே வந்துவிடுங்கள். அப்படி வருவது பின்மாற்றம் அல்ல. மேலே சொன்ன விதி ஒருவரை நோகடிக்கிற இடத்தில் கட்டிவைப்பதற்காக எழுதப்பட்டதும் அல்ல.

கடைசியாக, கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். தூக்கமும் பசியும் எப்படி இருக்கின்றன? இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் எதிலும் நாட்டமே இல்லாமல் இருந்தாலோ, தூக்கம் கெட்டிருந்தாலோ, தகுதியற்றவள் என்ற எண்ணம் விடாமல் துரத்தினாலோ மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போனால் அம்மாவிடம் போய்விடலாம் என்ற நினைவு ஒருமுறை வந்திருந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம். இன்றே கூட இருக்கும் ஒருவரிடம் சொல்லி அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், லூக்காவைப் பவுல் 'பிரியமான வைத்தியன்' என்று அழைத்ததை அவருக்குச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அம்மாவின் பெயரையும் எழுதுங்கள். உங்களுக்காக ஜெபிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லி அவருக்காக நன்றி செலுத்த விரும்புகிறேன்.